துரை காரும் மகன் காரும்

மலேசியாவில், கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தை நிர்வகித்த துரையின் ஸ்போர்ட்ஸ் காரைப் பல வருடம் கழுவியவன் நான். ஒருநாளும் அதில் ஏறியதில்லை.

போன மாதம் மகன் தன் புதுச் சொகுசுக் காரைத் தோட்டத்துக் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுவந்தான். இரண்டே கதவு, வெள்ளை இருக்கை. நான்தான் குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

"தொரையோட பழைய காரு நல்லாருந்துச்சா, இது நல்லாருக்காப்பா?" என்று எல்லார் முன்னும் கேட்டான்.

"ஒங்கப்பா அதுல ஏறுனாத்தானே தெரியும் லா!" என்று பூசாரி சிரித்தார்.

"இதுல ஏறட்டும். வாங்கப்பா," என்றவன் இருக்கைமேல் பிளாஸ்டிக் விரித்தான். "வேட்டியில குங்குமம் இருக்கு. சீட்டுல ஒட்டிக்கும்."

"ரெண்டு காரும் ஒன்னுதான்யா," என்றேன்.

கதவைச் சாத்தி, அதில் பதிந்த என் விரல் தடத்தைத் துண்டால் துடைத்துவிட்டு நடந்தேன். துரை தன் காரில் ஏறச் சொல்லாதது அன்றுவரை எனக்கு வலித்ததில்லை.