இடைவேளையில் ஒரு பொதுக்குழு

நீ ஒருநாள் ஒரு கால்பந்துக் குழுவுக்குச் சட்டவிதிகள் எழுதித் தருவாய் என்று நான் பணியில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால், உரிய வழியாக வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன். சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நலச்சங்கம், நற்பணி மன்றம், நண்பர்கள் வட்டம் என்று எத்தனையோ என் மேசையில் பிறந்தன. பெரும்பாலானவை இரண்டாம் ஆண்டறிக்கைக்கு முன்பே செத்தும் போயின. அவற்றில் ஒன்றுகூட ஒரு கோல் போட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் பிளாட் வாங்கிக் குடிவந்தேன். சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார் மருத்துவர். ஏரிக்கரையை ஒட்டி ஒரு மைதானம். அதைச் சுற்றி நடப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பந்தாட்டம் நடக்கும். நின்று பார்க்க ஆரம்பித்தேன். நடை குறைந்தது, சர்க்கரை கூடியது, ஆனாலும் பார்த்தேன்.

அந்தக் குழு அப்போது ஒரு உள்ளூர்ப் பெரிய மனிதருக்குச் சொந்தம். பெரிய கார் வைத்திருப்பதைப் போல அவர் ஒரு கால்பந்துக் குழுவையும் வைத்திருந்தார். வார்டு தேர்தலில் தோற்ற மறுநாள் ஆள் அனுப்பி ஜெர்சி, பந்து, வலை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டார். பெயரையும் எடுத்துக்கொண்டார், அது அவர் அப்பாவின் பெயர். கோல் கம்பங்கள் மட்டும் தப்பின. அவற்றை சிமெண்ட் போட்டு நட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறும் ஆட்டக்காரர்கள் பனியனோடு வந்து நின்றார்கள். வழக்கமாகப் பார்க்க வரும் கூட்டமும் வந்து நின்றது. பழைய இரும்பு வாங்கும் ஒருவர் இருக்கிறார். மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஆவடி முழுக்கச் சுற்றுபவர். அவர்தான் முதலில் பேசினார்.

"கோல் போஸ்ட்டு கீது, ஆட ஆளு கீது, குந்திகினு பாக்க நாம கீறோம். அப்பால இன்னாத்துக்கு மொதலாளி?"

"பதிவு செய்யணும்," என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. பழக்கதோஷம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் ஓய்வுக்காலம் அங்கே முடிந்தது.

பார்க்க வருகிறவர்களே உறுப்பினர்கள், உறுப்பினர்களே உரிமையாளர்கள் என்று விதி எழுதினேன். எல்லோருக்கும் ஒரே சந்தா, எல்லோருக்கும் ஒரே ஓட்டு. எங்கள் அடுக்குமாடியில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒருவர், தான் கூடுதலாகத் தருவதாகவும், அதற்கு என்ன கிடைக்கும் என்றும் கேட்டார். நன்றி கிடைக்கும் என்றேன். அவர் சாதாரண உறுப்பினராகவே சேர்ந்தார். செயலாளராக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தோம். கோவைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து எங்கள் கட்டடத்தில் குடியிருப்பவர், கல்லூரியில் பந்தாடியவர். சட்டவிதிகளை முழுதாகப் படித்த ஒரே உறுப்பினர் அவர்தான். அதனாலேயே என்னிடம் அதிகம் சண்டை போட்டவரும் அவர்தான்.

பொதுக்குழுதான் பெரிய பாடாக இருந்தது. கல்யாண மண்டபத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கி முறைப்படி கூட்டம் போட்டேன். வந்தவர்களைவிட பிஸ்கட் பாக்கெட்டுகள் அதிகம். இத்தனை பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்று நானே எழுதிய விதி என்னையே பார்த்துச் சிரித்தது. ஆனால் ஞாயிறு மாலை மைதானத்தில் மட்டும் அத்தனை உறுப்பினர்களும் இருப்பார்கள். ஆகவே விதியைத் திருத்தினேன்: பொதுக்குழு, சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தின் இடைவேளையில் கூடும்.

ஓட்டெடுப்பிலும் சிக்கல். கை தூக்கச் சொன்னால் சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். பக்கத்திலிருப்பவர் கையைத் தூக்கிவிட்டவர்களும் உண்டு. அதனால் இன்னொரு திருத்தம். தீர்மானத்தை ஆதரிப்போர் ஏரிப் பக்கக் கோலுக்குப் பின்னால் நிற்க வேண்டும், எதிர்ப்போர் ரோட்டுப் பக்கக் கோலுக்குப் பின்னால். நடந்துபோய் நின்றால்தான் ஓட்டு. டீக்கடையை மாற்றுவது, ஜெர்சிக்கு நிறம் பார்ப்பது என்று சின்ன விஷயங்கள் இப்படி ஒழுங்காகவே முடிந்தன. தோற்ற பக்கம் அன்றைக்கு வலையைக் கழற்றி மடிக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் கூட்டமே சேர்த்துக்கொண்டது. அதை நான் எழுதவில்லை. எழுதாமலே நடக்கிற விதியை எழுதிக் கெடுப்பானேன்?

குழு வளர்ந்தது. முதல் ஆண்டு எல்லோரிடமும் தோற்றோம். இரண்டாம் ஆண்டு சிலரிடம் மட்டும் தோற்றோம். அதற்கடுத்த ஆண்டு மேல் பிரிவுக்குப் போய்விட்டோம். அண்ணனூரிலிருந்தும் திருமுல்லைவாயிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். லேப்டாப் பையோடு வருபவரும் ஷிப்ட் முடிந்து கிரீஸ் கையோடு வருபவரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். கூட்டம் பெருகியதும் ஒரு பழக்கம் வந்தது. நம் ஆட்கள் எந்தக் கோலைத் தாக்குகிறார்களோ, அந்தக் கோலுக்குப் பின்னால்தான் பாய் விரிப்பார்கள். எதிரணி கோல்கீப்பரின் காதுக்கு அருகில் இருக்க வேண்டும் அல்லவா?

"இன்னா நைனா, பந்து பிடிக்க வந்தியா, பட்டாம்பூச்சி பிடிக்க வந்தியா?"

"அண்ணாத்தே, லெப்ட்ல ஓட்ட கீது, சாணி வெச்சு அடை!"

நான் அந்தப் பாயின் ஓரத்தில் கண்ணியமாக உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை வாயைத் திறந்து ஏதோ சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பது நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.

வளர்கிறவனைத் தேடி கல்யாணத் தரகர் வருவார். எங்களைத் தேடி ஒரு மனை வணிக நிறுவனத்தின் ஆள் வந்தார். குழுவை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் மைதானத்துக்கு விளக்கு, ஆட்டக்காரர்களுக்கு நல்ல பூட்ஸ், சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் எல்லாம் தருவார்கள். பெயர் அவர்களுடையது, முடிவுகளும் அவர்களுடையவை. வெளியிலிருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவார்கள். இப்போதைய ஆட்டக்காரர்கள் 'பரிசீலிக்கப்படுவார்கள்'. இந்தச் சொல்லை நான் பணிக்காலம் முழுவதும் பயன்படுத்தியிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

சம்மதிக்கச் சொல்லி ஊரைச் சுற்றியது யார் என்றால், எங்கள் கோல்கீப்பர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். அணித் தலைவரும் அவர்தான். பழைய முதலாளி காலத்திலிருந்து கோலில் நிற்கிறார். பரிசீலனையில் முதலில் போகப்போவது அவர் இடம்.

"அவங்க குடுத்த முன்மொழிவுல அஞ்சாவது விதியைப் படிச்சீங்களாங்க?" என்று செயலாளர் அவரிடம் கேட்டார். "உங்க இடம் போயிருமுங்க."

"படிச்சேம்மா. என் முட்டி ஏற்கனவே பரிசீலனைல தான் கீது," என்றார் அவர். "ஆனா அந்த லெப்ட் விங் பையன் பூட்ஸப் பாத்தியா? கயிறு போட்டுக் கட்டிகினு ஓடறான். நமக்கோசரம் அவனுங்க இன்னும் எத்தினி நாள் இப்படி ஓடறது?"

தன் இடத்துக்காகப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். நாற்பது விதமாகப் பேசுவார்கள். தன் இடத்துக்கு எதிராகப் பேசுகிறவருக்கு என்ன மறுமொழி எழுதுவது என்று எந்த அலுவலக நடைமுறையிலும் இல்லை.

முறைப்படி அறிவிப்பு கொடுத்தேன். இடைவேளையில் சிறப்புப் பொதுக்குழு. பொருள்: குழுவை எழுதிக் கொடுப்பது. ஆதரிப்போர் ஏரிப் பக்கம், எதிர்ப்போர் ரோட்டுப் பக்கம்.

அன்று பெரும் கூட்டம். நிறுவனத்தின் ஆள் வெள்ளைச் சட்டையில் வந்து, ரோட்டோரம் காரை நிறுத்திச் சாய்ந்துகொண்டார். முதல் பாதியில் ஏரிப் பக்கக் கோலைத் தாக்கினோம். கூட்டமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. ஒரு கோல் வாங்கியிருந்தோம், போடவில்லை. விசில் ஊதியதும் இரும்புக்காரரின் ஒலிபெருக்கியை வாங்கி முடுக்கினேன்.

"பழைய பேப்பர், பழைய இரும்பு, உடைஞ்ச பிளாஸ்டிக் எடுக்கறோம்," என்றது அது.

கூட்டம் விசிலடித்தது. இரும்புக்காரர் ஓடிவந்து ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார். "சாரி சார், அது பாட்டுக்கு வேலை செய்யுது." நான் தீர்மானத்தைப் படித்தேன். பின்னால் யாரோ பறையை அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கங்களையும் சொன்னேன். "இப்போது வாக்களிக்கலாம்."

கூட்டம் எழுந்தது. பாயைச் சுருட்டியது. குடை, தண்ணீர் பாட்டில், சுண்டல் பொட்டலம், பறை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, ஒருவர் விடாமல் ரோட்டுப் பக்கம் நடந்தது. என்னைக் கடந்து போனவர்களில் ஒருவர், "மாமே, வெயிலு மூஞ்சில அடிக்குமேடா அந்தாண்ட," என்று சொன்னது காதில் விழுந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டாம் பாதியில் நாங்கள் தாக்க வேண்டியது ரோட்டுப் பக்கக் கோல். இவர்கள் ஓட்டுப் போடவில்லை. வாராவாரம் செய்வதைப் போல இடம் மாறுகிறார்கள்.

எதிர்த்திசையில் ஒரே ஒருவர் நடந்தார். கையுறையை மாட்டிக்கொண்டு, முட்டியைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, ஏரிப் பக்கக் கோலுக்குள் போய் நின்றார் எங்கள் கோல்கீப்பர்.

கார்க்காரர் தன்னை நோக்கி வரும் அந்தப் படையைப் பார்த்தார். பிறகு மைதானத்தின் மறுகோடியில் தனியாக நின்ற உருவத்தைப் பார்த்தார். என்னிடம் வந்தார்.

"ஒரே ஒருத்தர்தான் ஆதரவா?"

"அவர் கோல்கீப்பருங்க," என்றேன்.

"சரி, அவருக்காவது விவரம் தெரியுதே," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கதவை ஓங்கி அடைத்தார். நான் விளக்குவதற்குள் கார் போய்விட்டது. விளக்க அவசரப்பட்டேன் என்றும் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் பாதியில் கயிறு கட்டிய பூட்ஸோடு அந்த இடதுபக்கப் பையன் ஒரு கோல் போட்டான். கூட்டம் வலையைப் பிடித்து உலுக்கியது. அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் கூட்டத்திடம் செயலாளர் சொன்னார், சற்று முன்பு குழுவை விற்க முடியாது என்று அவர்கள் ஒருமனதாக முடிவெடுத்துவிட்டதாக.

"நாங்க எப்பம்மா எடுத்தோம்?"

"பாய் சுருட்டினீங்களே, அப்பங்க."

ஆட்டம் சமனில் முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதான் ஆள் போய்விட்டாரே, இனி என்ன ஓட்டு என்று பலர் கேட்டார்கள். நிறுவனம் கையெழுத்திட்டுத் தந்த முன்மொழிவு இன்னும் செல்லும், கதவை அடைத்ததால் அது ரத்தாகாது என்றேன். இந்த ஓட்டைப் பதிவு செய்தால் அது பொய் என்றும் சொன்னேன். அதை எல்லோரையும்விடப் பலமாக ஆமோதித்தவர் கோல்கீப்பர்.

"ஒயுங்கா நடத்துங்க சார். தோத்தாலும் ஓட்டுல தோக்கறேன், பாய்ல தோக்க மாட்டேன்."

மறுபடியும் தீர்மானத்தைப் படித்தேன், இந்த முறை வெறும் குரலில். அவர் முதலில் நடந்தார். அதே ஏரிப் பக்கம். பின்னால் சிலர் போனார்கள். அவர்களில் மென்பொருள்காரர்களும் இருந்தார்கள், ஆட்டக்காரர்களின் அப்பாக்களும் இருந்தார்கள். இடதுபக்கப் பையன் நடுக்கோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

இரும்புக்காரர் ஏரிப் பக்கம் பார்த்துக் கத்தினார். "தலிவா! பூட்ஸு ஓணும்னா கேளு, வாங்கலாம். லைட்டு ஓணும்னா அப்பாலிக்கா பாக்கலாம். ஒரு பூட்ஸுக்கோசரம் ஊட்டையே எழுதிக் குடுப்பாங்களா?"

"பூட்ஸ் யாரு வாங்குவா, நீயா?" என்று பதில் கத்தல் வந்தது.

"நானும்தான். நீயுந்தான். அதுக்குத்தான உன்னிய ஓனர் ஆக்கி வெச்சிகிறோம்!"

ஏரிப் பக்கத்திலிருந்தவர்களே சிரித்தார்கள். பையன் ரோட்டுப் பக்கம் நடந்தான். மீதிக் கூட்டமும் வந்தது, இந்த முறை பாய் இல்லாமல். எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் எண்ணினேன். தீர்மானம் தோற்றது.

தோற்ற பக்கம் வலை கழற்ற வேண்டும். கோல்கீப்பர் கம்பத்தின் கொக்கியில் கை வைத்தார். மேல் கொக்கிக்கு எம்பினார், முட்டி ஒத்துழைக்கவில்லை. இடதுபக்கப் பையன் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தான்.

"நீ ஜெயிச்ச பக்கம்டா. போ அந்தாண்ட."

"நெட்டுக்கு ரெண்டு முனை கீதுண்ணா, நீ ஒத்தையா இன்னா பண்ணுவ?"

நான் விதி எதையும் மேற்கோள் காட்டவில்லை. மறுவாரத்துக்குள் எல்லோருக்கும் பூட்ஸ் வந்தது. எல்லாம் புதியவை அல்ல. ஆனால் கயிறு கட்டத் தேவையில்லாதவை. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்ட மென்பொருள்காரரிடம், நன்றி மட்டும் பதிவாகும் என்று செயலாளரே சொல்லிவிட்டார். நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்.

விளக்கு இன்னும் இல்லை. கோல்கீப்பர் இந்தப் பருவமும் ஆடுகிறார், முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு. நான் ஒரு சட்டத்திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன்: இனி ஓட்டெடுப்பில் கோல்கள் வேண்டாம், நடுக்கோட்டின் இரு பக்கமும் நிற்கலாம். அதை நிறைவேற்றப் பொதுக்குழு கூட வேண்டும், யாருக்கும் அவசரமில்லை.

போன ஞாயிறு இடைவேளையில் வழக்கம்போல் விசில் ஒலித்தது. ஓட்டெடுப்பு எதுவும் இல்லை. கூட்டம் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தது. நானும் என் குடையோடு நடந்தேன். எதிரே கையுறையைக் கடித்து இறுக்கிக்கொண்டு வந்தவர் நடு மைதானத்தில் நின்றார்.

"இன்னாபா, இன்னிக்கும் எல்லாரும் எனுக்கு எதிர்ப்பா?"

"ஆமா தலிவா!" என்றது மொத்தக் கூட்டமும். அவர் சிரித்துக்கொண்டே தன் கோலுக்குப் போனார்.