உதட்டுப் பதம்

கரண்டி நுனியில் ஒட்டிய சாக்லேட்டை விரலால் வழித்துக் கீழுதட்டுக்கு அடியில் ஒரு பொட்டாக வைத்துக்கொண்டு ரஹ்மத் பீவி கண்ணை மூடுகிறார். அந்த நேரத்தில் அடுப்படியில் யாரும் பேசக் கூடாது. பொட்டு வெதுவெதுவென்று இருந்தால் இன்னும் ஆறவில்லை. ஈரத்துணி பட்டதுபோலச் சில்லென்று இருந்தால் பதம். கண் திறக்கிறது. நாக்கு வெளியே வந்து பொட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறது. "ஊத்து புள்ள" என்கிறார். அதற்குப் பிறகுதான் சௌம்யா அச்சுத் தட்டைத் தொடலாம்.

செண்பகனூரில், மலைப்பாதையில் மேலே ஏறும் பேருந்துகள் மூச்சு வாங்கும் ஒரு வளைவில் இருக்கிறது அவர்கள் கடை. முன்னால் கண்ணாடி அலமாரியும் கல்லாவும் கணவர் சம்சுல் ஆலமும். பின்னால் அடுப்படி. சாக்லேட் கட்டி கட்டியாக வெளியூரிலிருந்து வருகிறது. அதை உருக்கி, கிண்டி ஆற்றி, பாதாமோ முந்திரியோ சேர்த்து அச்சில் ஊற்ற வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். பதம் பிசகினால் மறுநாள் மேலே சாம்பல் பூத்ததுபோல வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். கையில் எடுத்தால் பிசுபிசுக்கும். பதத்தில் ஊற்றியது கண்ணாடிபோல மின்னும், ஒடித்தால் 'டக்'கென்று சத்தம் கேட்கும். மகன் ஜாசிம் சென்னையிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அனுப்பினான். அது கரண்டிகளோடு கரண்டியாக ஆணியில் தொங்குகிறது. "அது டிகிரிதான் சொல்லும். டிகிரிய வச்சு நான் என்ன பண்ண? எனக்குப் பதம்ல வேணும்" என்பது பீவியின் வாதம்.

நாக்குக்குத் தப்பிய பொட்டு ஒன்று எந்நேரமும் அவர் உதட்டுக்கு அடியில் காய்ந்து கிடக்கும். ரேஷன் கடைக்கும் அப்படியே போவார், கல்யாண வீட்டுக்கும் அப்படியே போவார். கோயம்புத்தூர்க்கார அம்மா ஒருத்தி தயங்கித் தயங்கிக் கைக்குட்டையை நீட்டியபோது சம்சுல் ஆலம் தடுத்துவிட்டார். "அழிச்சிராதீங்கம்மா. கடைக்கு இருக்குற ஒரே போர்டு அதுதான்."

எந்த வேலையையும் பீவி விட்டுக்கொடுக்க மாட்டார். கொடுத்தாலும் திரும்ப வாங்கிக்கொள்வார். சௌம்யா பெட்டிக்கு ரிப்பன் கட்டுவாள். பீவி அதை அவிழ்த்து, அதே முடிச்சை அதே இடத்தில் மறுபடியும் போடுவார். கூட்டிய தரையை இன்னொரு தடவை கூட்டுவார். துடைத்த தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் துடைப்பார். சௌம்யா பாச்சலூர்ப் பக்கத்துப் பெண். கணவன் காய்கறி லோடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகள். தட்டுக் கழுவ வந்தவள் ஆறு வருஷத்தில் ஊற்றும் வேலைவரை ஏறியிருக்கிறாள். "நான் கட்டுறது பீவிம்மா அவுக்குறதுக்கு. அதுக்கும் சேத்துத்தான சம்பளம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நோன்பு மாதத்தில் அடுப்படிக்கு விடுமுறை. பகலெல்லாம் நோன்பு வாயோடு பதம் பார்க்க முடியாது என்பதுதான் காரணம். உதட்டுக்கு வெளியேதானே வைக்கிறோம் என்று ஒரு வருஷம் முயன்றார். பொட்டு வைத்த மறு நொடி நாக்கு தானாக வெளியே வந்துவிட்டது. பதறிப்போய்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டார். மறந்து செய்தால் நோன்பு முறியாது என்று பதில் வந்தது. "மறந்து நக்குனா சரி. இனிமே நக்குவேன்னு தெரிஞ்சே வச்சா அது எந்தக் கணக்குல சேரும்?" என்று அடுப்பை அணைத்துவிட்டார். அதுமுதல் நோன்புக்கு முன்பே செய்து அடுக்கிக்கொள்வார். சீசனில் நோன்பு வந்த வருஷங்களையும் அப்படித்தான் தள்ளினார்.

கடைக்கு வந்து வாங்குகிறவர்கள் இருந்த காலத்துக்கு அது போதும். இப்போது வளைவுக்கு வளைவு சாக்லேட் கடை. நின்று வாங்குகிறவர்கள் குறைந்துபோய், போனில் கேட்டுப் பார்சலில் பெறுகிறவர்கள்தான் கடையைத் தாங்குகிறார்கள். அவர்கள் கேட்கும்போது செய்து கொடுத்தால்தான் உண்டு. இந்த வருஷம் நோன்பு தொடங்கிய பிறகு பழனி அடிவாரத்திலிருந்து சண்முகவள்ளி என்ற அம்மா அழைத்தார். மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் வைக்க பாதாம் சாக்லேட், பை ஒன்றுக்கு ஒரு சின்னப் பெட்டி. சம்சுல் ஆலம் வீட்டுக்குள் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டார்.

"நோன்பு வாய வச்சுக்கிட்டு எப்படிங்க பதம் பாக்குறது? கூறு வேணாமா உங்களுக்கு?"

"ஒன் வாய்க்குத்தான ரஹ்மத்து நோன்பு. சௌம்யா வாய் சும்மாதான கெடக்கு?"

"ஏன்யா, என் வாய் என்னைக்குச் சும்மா கெடந்துச்சு?" என்றாள் சௌம்யா.

பீவிக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே பழனியில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. பதம் தப்பிய சாக்லேட் மலையிறங்குவதற்குள் குழைந்துபோகும். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேர் கையிலும் அது பிசுபிசுத்தால், அடிவாரத்திலிருந்து இன்னொரு அழைப்பு வராது. கடைக்கு மிஞ்சியிருந்ததே அந்த அழைப்புகள்தான்.

மறுநாள் அடுப்பு எரிந்தது. சௌம்யா உதட்டில் பொட்டு வைத்தாள். பீவி அவள் முகவாயைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்.

"எப்படி இருக்கு?"

"குளுகுளுன்னு இருக்கும்மா."

"என்ன குளுகுளு? தண்ணி குளுகுளுவா, காத்து குளுகுளுவா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுலன்னு ஒண்ணு கெடையாது. துடைச்சிட்டு மறுபடியும் வையி."

இப்படி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வழக்கு நடந்தது. சௌம்யாவின் உதடு, பீவியின் தீர்ப்பு. கடைசிப் பெரிய பாத்திரம் ஆறிக்கொண்டிருந்தபோது மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. "நான் வர்ற வரைக்கும் கிண்டிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் பீவி தொழுகைக்கு உள்ளறைக்குப் போனார்.

அவர் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பதம் வந்தது. சௌம்யாவுக்குத் தெரிந்தது. தொழுகிறவரைக் கூப்பிட முடியாது. அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள். பீவி வந்தபோது பாத்திரத்தில் இருந்தது கரண்டிக்கு மசியவில்லை, களி மாதிரி இறுகியிருந்தது. அதை அவசரமாக அச்சில் அள்ளி அழுத்தினார்கள். காலையில் கவிழ்த்துப் பார்த்தால் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சண்முகவள்ளியின் பார்சலில் பாதிக்கு மேல் அந்தப் பாத்திரத்துச் சரக்கு. வண்டி மறுநாள் வெள்ளனே கிளம்ப வேண்டும்.

"பதம் வந்தது ஒனக்குத் தெரிஞ்சுச்சா இல்லையா?"

"தெரிஞ்சுச்சும்மா."

"தெரிஞ்சுமா பாத்துக்கிட்டு நின்ன? ஊத்த வேண்டியதுதான?"

சௌம்யா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க ஊத்துன்னு சொல்லலியேம்மா. கிண்டிக்கிட்டே இருன்னீங்க, கிண்டுனேன். ஆறு வருசத்துல நீங்க சொல்லாம நான் ஒரு அச்சுக்குழி ஊத்தியிருக்கேனா? போன மாசம் தட்ட எடம் மாத்தி வச்சதுக்கே, யாரக் கேட்டு வச்சேன்னு கேட்டீங்க."

பீவி வெளுத்த வில்லை ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். முன்னாலிருந்து வழக்கமான கேலி ஒன்று வரும் என்று சௌம்யா எதிர்பார்த்தாள். சம்சுல் ஆலம் கண்ணாடி அலமாரியைத் துடைப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நல்லவேளை, சாக்லேட்டைத் திரும்ப உருக்கலாம். வெளுத்ததையெல்லாம் உடைத்து மறுபடியும் பாத்திரத்தில் போட்டார்கள். உருகி, ஆறத் தொடங்கி, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும் நேரத்தில் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னார்கள். பீவி கை கால் கழுவி ஒளுச் செய்து ஈரக் கையோடு வந்து நின்றார். பாத்திரத்தைப் பார்த்தார். கொஞ்சம் பிந்தித் தொழலாம், நேரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"புள்ள."

"சொல்லுங்கம்மா."

"பதம் வந்தா ஊத்திரு. என்னையக் கேக்காத."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தொழுகையில் மனசு நிற்கவில்லை. ருகூவில் குனிந்தபோது கரண்டி பாத்திர விளிம்பில் தட்டும் ஒலி. சுஜூதில் நெற்றி தரையில் பட்டிருந்தபோது ஒலி நின்றுபோனது. ஊற்றுகிறாளா, வெறுமனே நிற்கிறாளா? எழுந்து அமர்ந்தபோது அச்சுத் தட்டை மேடையில் தட்டும் சத்தம் வந்தது. காற்றுக் குமிழி போவதற்காகத் தட்டுவது. டக், டக், டக். இன்னும் ஒரு தட்டு. பீவி சலாம் கொடுத்து முடித்தார். எழுந்து போகக் கால் பரபரத்தது. தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடைசித் தட்டின் சத்தமும் ஓய்ந்த பிறகே கதவு திறந்தது.

செண்பகனூர்க் குளிருக்கு, நோன்பு திறக்கும் நேரத்துக்குள் சாக்லேட் இறுகிவிட்டது. பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்த சௌம்யாவின் உதட்டுக்கு அடியில் பொட்டு காய்ந்திருந்தது. பாங்கு ஒலித்ததும் பீவி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். சம்சுல் ஆலம் தட்டிலிருந்து ஒரு வில்லையை எடுத்து ஒடித்தார். 'டக்'கென்றது. பாதியை மனைவியின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இப்பத்தான் வாய் தொறந்தாச்சுல்ல. தின்னு பாத்துச் சொல்லு, அனுப்பலாமா வேணாமான்னு."

சௌம்யா ரிப்பனைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவளுடைய பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பீவி அந்தப் பாதி வில்லையைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"அவதான் பாத்துட்டாள்ல. கட்டு புள்ள, வெரசா. பஸ்ஸ விட்டுறாத."

சௌம்யா கடைசிப் பெட்டிக்கு மூடி போட்டு, ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவசரத்தில் அது ஓரமாக இழுத்துக்கொண்டு நின்றது. பீவியின் கை நீண்டது. விரல்கள் முடிச்சைத் தொட்டன, ஒரு கணம் அங்கேயே இருந்தன. பிறகு மூடிமேல் கிடந்த ஒரு பாதாம் துணுக்கைத் தட்டிவிட்டுவிட்டு, கஞ்சிக் கரண்டியை எடுத்துக்கொண்டன.