அம்மா கழுத்தின் ஒட்டுக் கயிறு

அம்மாவின் கழுத்தில் மாதா பதக்கம் கோத்த கறுப்புக் கயிறு ஒன்று உண்டு. அதில் நான்கு விரல் நீளத்துக்கு வலை நூலால் ஒட்டுப் போட்டிருக்கும். கழுத்து வீங்கிக் கயிறு இறுகியபோது அம்மா தானே முடிந்துகொண்ட ஒட்டு அது.

பிரெஞ்சுக்காரர் ஆளும் எங்கள் ஊரின் பெரிய மார்க்கெட்டில் அம்மா மீன் விற்றாள். அவள் கூவினால் தெருக்கோடி வரை கேட்கும். எங்கள் வீட்டில் முதன்முதலாக நான் பள்ளிக்கூடம் போய்ப் பிரெஞ்சு படித்தது அந்தக் குரல் சம்பாதித்த காசில்தான். எனக்குப் பதினான்கு வயதான வருடம், இரண்டு பேர் சோற்றைத் தின்றும் அவள் இளைத்துக்கொண்டே போனாள். மார்கழிப் பனியிலும் வியர்த்தது. நெஞ்சு படபடத்தது, மீன் அரியும் கை நடுங்கியது. கழுத்தில் இரண்டு மூன்று கட்டிகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. "துன்றதெல்லாம் எங்கடி போவுது, மீன் கூடைக்கா?" என்று பக்கத்துக் கடைக்காரி கேலி செய்தாள். காயத்துக்குத் தடவும் அயோடினைப் பாலில் சொட்டுவிட்டுக் குடித்தால் கட்டி கரையும் என்று சொன்னதும் அவள்தான். தான் வேலை பார்த்த வெள்ளைக்கார வீட்டில் பார்த்ததாம். அம்மா ஒரு மாதம் குடித்தாள். நெஞ்சுப் படபடப்பு இரண்டு மடங்கானது.

ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு டாக்டர் கேட்டதையெல்லாம் நான் தமிழில் சொன்னேன். ஏதாவது மருந்து சாப்பிட்டாளா என்றார். "இல்லன்னு சொல்லுடி" என்றாள் அம்மா. நான் அயோடினைச் சொல்லிவிட்டேன். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். கட்டிகள் தேவைக்கு மேல் சுரக்கின்றன, அயோடின் அவற்றுக்குத் தீனி. முதலில் அதை நிறுத்தி ஓய்வு, பிறகு அறுத்தெடுக்க வேண்டும், ஆனால் குரலுக்கான நரம்பு கட்டிகளை ஒட்டியே ஓடுகிறது என்றார்.

"கொரலு போச்சின்னா நான் இன்னாத்துக்குடி?" அம்மா கேட்டது அது ஒன்றுதான். மரத்துப்போக ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே அறுப்பேன், அவள் பேசிக்கொண்டே இருக்கட்டும், குரல் மாறினால் கத்தியை நிறுத்திவிடுவேன் என்றார் டாக்டர்.

அறுத்த அன்று நான் துணித்திரைக்கு இப்பால் அவள் தலைமாட்டில் நின்றேன். "இன்னாடி பேசறது?" என்றாள். "தெரிஞ்சத பேசும்மா" என்றேன். சற்று யோசித்துவிட்டுக் கூவத் தொடங்கினாள்: "வஞ்சிரம், வவ்வாலு, இப்பத்தான் கரைக்கு வந்துது, வா தாயி!" என்ன சொல்கிறாள் என்றார் டாக்டர். மீன் விற்கிறாள் என்றேன். "நான் வாங்கிக்கொள்கிறேன், நிறுத்தாமல் விற்கச் சொல்." நடுவே ஒருமுறை குரல் கம்மியது. டாக்டரின் கை அப்படியே நின்றது. பிறகு "வஞ்சிரம்" என்ற சொல் முழுதாக வந்தது.

இப்போது கயிறு தளர்ந்து நெஞ்சு வரை தொங்குகிறது. ஒட்டை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை. போன வாரம் மார்க்கெட்டில் யாரோ தழும்பைப் பற்றிக் கேட்டார்கள். அம்மா கயிற்றை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டி, தெருக்கோடியில் வந்துகொண்டிருந்த எனக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"தொரை அறுத்தாரு, எம்பொண்ணு அவராண்ட பேசுனா, நான் மீனு வித்தேன்!"