மூன்றாம் பாகம் என்னிடம் இருக்கிறது

ரோசலின் அக்கா இறந்த செய்தியைச் சித்தூர் ஸ்டேஷனில் சுசீலா டீச்சர் சொன்னார். மஞ்சள் காமாலை, பத்தே நாளில் முடிந்துவிட்டது. மற்றவர்கள் அழுதார்கள். எனக்கோ, டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருக்கும் ஒரு புத்தகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

திருப்பதிக்குப் போகும் காலை பாசஞ்சரில், பெண்கள் பெட்டியில் அவரோடு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அக்கா எட்டாவது வரை படித்தவர். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை. நான் குடிபாலாவில் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. ஆனால் "அடுத்து எதைப் படிக்கலாம்?" என்று அந்தப் பெட்டியில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள்.

வாரப் பத்திரிகைகளில் வரும் மாயாஜாலத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, அட்டை போட்டுக் கொண்டுவருவார். தமிழும் இருக்கும், தெலுங்கும் இருக்கும். பின் அட்டையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். படித்தவர்கள் அதில் கையெழுத்துப் போட்டு, இது அடுத்து யாருக்குப் பொருந்தும் என்று எழுத வேண்டும். கதையை எழுதக் கூடாது. "கொழம்பு நல்லாகீதுன்னு சொல்லு. உள்ள என்னா காய்னு சொல்லாத" என்பார்.

எழுத்தாளர்களின் பெயரை அவர் சொன்னதே இல்லை. எல்லாக் கதையிலும் பூமிக்கடியில் நகரம் வைக்கும் மதராஸ் எழுத்தாளர் அவருக்குப் 'பாதாளக்காரர்'. தெலுங்கில் எழுதியவர் 'மலைக்காரர்'. நான் இருவரையும் ஒப்பிட்டு ஒரு நோட்டில் பதினெட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். பாத்திரப் படைப்பு, வர்ணனை, கட்டமைப்பு என்று தலைப்புகளெல்லாம் போட்டிருந்தேன். அதைப் பெட்டியில் படித்துக் காட்டத் தைரியம் வருவதற்குள் அக்கா இரண்டு வரியில் முடித்துவிட்டார். "பாதாளக்காரரு கதவத் தெறந்து உள்ள தள்ளிடுவாரு. மலைக்காரரு கதவுக்கு முன்னாடி உக்கார வெச்சுடுவாரு, தெறக்கவே மாட்டாரு." பெட்டி முழுக்கச் சிரித்தது. நான் நோட்டைப் பைக்குள் தள்ளிவிட்டேன்.

கேட்டவர்களுக்கு உடனே எதையும் கொடுக்க மாட்டார். "நேத்து என்னா துன்ன? தூங்கினியா? யார்கிட்டயாச்சும் சண்டையா?" என்று விசாரிப்பார். மாமியாரோடு சண்டை என்றால் பாதாளக்காரர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மலைக்காரர். வைத்தியம் போல இருக்கும். ஆறு வருடத்தில் எனக்கு மட்டும் அவர் எதையும் சிபாரிசு செய்ததில்லை. ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன். "பி.ஏ.வுக்கு நான் இன்னா சொல்றது, போம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை வீடு வரை தூக்கிக்கொண்டு போனேன்.

மலைக்காரரின் மூன்று பாகத் தொடரில் சுசீலா டீச்சர் இரண்டு பாகங்களைப் படித்துவிட்டு மூன்றாவதுக்குத் தவித்துக்கொண்டிருந்த சமயம் அது. அதில் மந்திரவாதி ஒருவன் உப்பு விற்கும் பெண்ணின் அக்காவை மலையாக்கிவிடுகிறான். தங்கை அவளை மீட்கப் புறப்படுகிறாள். தான் லீவு போட்டிருந்த ஒருநாள் ரோசலின் அக்கா என் வீதி வழியே வந்து, "டீச்சர்கிட்ட குடுத்துடு" என்று மூன்றாம் பாகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் கொடுக்கவில்லை. வண்டியில் மறந்து வைத்துவிட்டேன் என்று இருவரிடமும் சொன்னேன். அக்காவின் புத்தகச் சங்கிலி ஒரு கண்ணியிலாவது அறுபட வேண்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

"போனா போவுது. வாயாலயே சொல்றேன்" என்றார் அக்கா. பாகாலாவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் தினம் கொஞ்சமாகச் சொன்னார். எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே டீச்சர் பக்கம் தலையைத் திருப்பித் தெலுங்கில் தொடர்வார். கதை எங்கும் அறுபடாது. அடுத்த பெட்டிக்காரர்கள்கூட வந்து நின்றார்கள். நான் செய்ததால் அவர் இன்னும் உயர்ந்ததுதான் மிச்சம்.

அந்த வாரத்தில் நான் தெலுங்கை எழுத்துக் கூட்டி மூன்றாம் பாகத்தைப் படித்து முடித்திருந்தேன். புத்தகத்தில் ஓர் அரசகுமாரன் வந்து மலையை வாளால் பிளக்கிறான், அக்கா பெண்ணாகிறாள், கல்யாணம். ரோசலின் அக்கா சொன்னது வேறு. "அக்காக்காரி சொல்றா, வேணாண்டி. என் மேல ஆடு மேய்து, சுனை கீது, குருவி கூடு கட்டிக்கினுகீது. நான் எழுந்தா அதெல்லாம் எங்க போவும்? நீ கீழ ஒரு வூடு கட்டிக்கினு இரு."

'அது அப்படி இல்லை' என்பது என் தொண்டை வரை வந்துவிட்டது. அந்தப் பெட்டியில் அவருடைய பிழையை அறிந்தவள் நான் ஒருத்திதான். அக்கா என்னைப் பார்த்தார். "இன்னா பி.ஏ., சரியா சொல்றனா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் படிக்கலையே" என்றேன்.

 சந்திரகிரி தாண்டியதும் அக்கா ஜன்னலுக்கு வெளியே, தூரத்து மலையைக் காட்டிக் கையை நீட்டினார். "தோ படுத்துக்கினுகீறா பாருங்க." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடக்கத்தன்று புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். வாசலில் ஒவ்வொருவரும் அக்கா தமக்கு எதைப் படிக்கச் சொன்னார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் தங்கை கிரேஸிடம் புத்தகத்தை நீட்டினேன்.

கிரேஸ் வாங்கவில்லை. "உங்ககிட்டதான் கீதுன்னு அக்காவுக்குத் தெரியும். அந்தக் கதை முடிவே அக்காவுக்குப் புடிக்கல. டீச்சருக்குக் குடுக்கலாமா வேணாமான்னு ரெண்டு நாள் கையில வெச்சுக்கினு ரோசன பண்ணிச்சு. நீங்க தொலைச்சேன்னு சொன்னப்ப சிரிச்சுக்கினே வந்துச்சு, பி.ஏ. நல்ல காரியம் பண்ணாங்கன்னு."

நான் திருடி வைத்திருந்தது அவருக்கே வேண்டாத முடிவு. நல்ல முடிவு அச்சில் எங்கும் இல்லை. பாகாலாவில் நின்றபடி கேட்ட சிலரிடம்தான் இருக்கிறது. போன வாரம் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டி, அவர் சொன்னதை எழுதிப் பார்த்தேன். மூன்று முறை கிழித்தேன். நான் எழுதினால் அந்த மலை பரீட்சைக்குப் பதில் சொல்வது போலப் பேசுகிறது.

அந்தப் புத்தகத்தை நானே வைத்துக்கொள்கிறேன். பின் அட்டைத் தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. 'அடுத்து யாருக்கு' என்ற இடத்தில் ரோசலின் அக்காவின் பெயரை எழுதியிருக்கிறேன். இன்றும் சந்திரகிரி தாண்டும்போது பெட்டியில் பேச்சு நின்று எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்புகின்றன. நான் திரும்பக் கூடாது என்றுதான் தினமும் நினைக்கிறேன்.