அத்தான் வராத அடக்கம்

எங்கள் அக்கா இறைவனில் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அவருடைய நற்குணங்களை வாசிக்கவே விரும்புவீர்கள். அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் மனதில் கிடப்பதை எழுதாமல் விட என்னால் முடியவில்லை.

மன்னாரில் மூத்த பிள்ளையாகப் பிறந்த அக்கா, லண்டன் வந்து முதியோர் இல்லத்தில் ஷிப்ட் மாறி ஷிப்ட் வேலை செய்து, எங்கள் எல்லோரையும் இங்கே எடுப்பித்தார். தனக்கென்று ஒரு சேலை வாங்கவும் யோசிப்பார். ஸ்ட்ரெதம் கத்தோலிக்கக் கோவிலின் பாடகர் குழுவில்தான் அத்தானைச் சந்தித்தார். அத்தான் நைஜீரியாவின் யொரூபா இனத்தவர், பஸ் சாரதி. வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. "அவர் அக்காவைக் கைவிடமாட்டார்" என்று அம்மாவின் முன் நின்று சொன்னவன் நான். திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவனும் நானே.

அத்தானின் பரம்பரை அரச பரம்பரை. லண்டனில் வாழும் அவருடைய ஊரவர்கள், தங்களுக்கு இங்கேயும் ஓர் அரசர் வேண்டுமென்று அவரைத் தெரிவு செய்தார்கள். முடி சூடியவர் சவத்தின் முகத்தில் விழிக்கக்கூடாது என்பது அவர்களின் வழக்கம். சொந்த மனைவிக்கும் விலக்கில்லை. அதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"அப்ப நான் முந்திப் போனால், என்னைப் பார்க்க வரமாட்டியளோ?"

"வருவன்," என்றார் அத்தான், அக்காவிடம் பழகிய தமிழில். "முடியைக் கழட்டி வைச்சிட்டு வருவன்."

அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் முடி சூட அக்கா ஓம் என்றார். முடிசூட்டு விழாவில் பவளமாலையோடு அமர்ந்திருந்த அத்தானை எத்தனையோ பேர் முழங்காலிட்டு வணங்கினார்கள். அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை. எழுந்துபோய் வயதானவர்களைத் தூக்கிவிட்டார்.

பிறகு புற்றுநோய் வந்தது. அத்தான் கண் போலப் பார்த்தார், அதை நான் மறைக்கமாட்டேன். "கோவிலிலை முன் வாங்கிலை அத்தானுக்கு இடம் விடு தம்பி, அவர் வருவார்" என்பதே அக்கா என்னிடம் கடைசியாகச் சொன்னது. விட்டேன். அடக்கப் பூசை முடியும்வரை அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அத்தானின் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளை உடுத்து வந்து, அரசர் வரக்கூடாது என்று தயவாகச் சொன்னார்கள். வீடோ நடந்து வரும் தூரம். "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்று பெரியம்மா என் காதுக்குள் சொன்னார். பிள்ளைகள் தகப்பன் இல்லாமலே மண் போட்டார்கள். அத்தான் அக்காவை ஏமாற்றியதோடு, தனக்காக நின்ற என்னையும் ஏமாற்றிவிட்டார்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், பங்குத்தந்தைக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் எம்மவரோடு சேர்ந்து சமைத்துத் தந்த யொரூபாப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

அத்தானுக்கும் இம்மலர் போய்ச் சேரும். அவருடைய மக்கள் அவரை அழைக்கும் பட்டத்துக்கு, உம்மைக் கேள்வி கேட்க ஒருவருமில்லை என்று பொருளாம். நான் அவருடைய குடி அல்ல, அக்காவின் தம்பி. கேட்கிறேன்: அத்தான், ஏன் வரேல்லை?