என்ன வேணும்?

பழவங்காடி சைவ ஹோட்டலில் சப்ளையராகச் சேர்ந்த முதல் நாள் முதலாளி எனக்குச் சொன்ன பாடம் இவ்வளவுதான்: "ரெண்டு பேச்சு போதும் உனக்கு. ஆள் வந்ததும் 'என்ன வேணும்?' சாப்பிட்டு முடிச்சதும் 'வேற?' நடுவுல வாயத் திறக்காத."

எனக்குப் பெரிய நிம்மதி. அஞ்சாம் வகுப்போடு நின்றவன், ஆட்களிடம் பேசக் கூச்சப்படுகிறவன். அந்த இரண்டு பேச்சை வைத்தே பல வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஜன்னலோர டேபிளுக்குத் தினமும் ஒரு மலையாள எழுத்தாளர் வருவார். சார் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் ரசவடையைப் பிட்டுக்கொண்டே, "உன்னை நான் நாவல்ல போட்டாச்சு, கேட்டோ" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, சுத்தமாயிருந்த டேபிளையே மறுபடி துடைத்தேன்.

"பிறக்கும்போ மனுஷன் யாருமில்ல. எனக்கு இது வேணும்னு துணிஞ்சு சொல்லும்போதான் ஒரு ஆளா ஆகுறான். அதாணு கதை."

கிச்சனிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார்: "அப்ப மூணாவது தடவையா வடை கேக்குற சார்தான் பெரிய ஆளு!" சாரும் சிரித்துவிட்டார்.

புத்தகம் வந்ததும் எனக்கு ஒன்று தந்தார். மலையாளம் பேசுவேன், படிக்க வராது. எதிர் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த சுமதியிடம் கொடுத்தேன். நாகர்கோவில் குடும்பம், ஆனால் இங்கேயே மலையாளப் பள்ளியில் படித்தவள். மதியம் பார்சலுக்குக் காத்திருக்கும்போது இரண்டு பக்கம் படித்துத் தமிழில் சொல்லுவாள்.

"மீசையக் கூட்டி எழுதியிருக்காரு. உங்களுக்கு இவ்வளவு எங்க இருக்கு?" என்று கேலி செய்வாள். அவள் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று சாம்பார் கவருக்கு நூல் சுற்றுவதை மெதுவாகவே செய்வேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்த அன்று கூட்டம் குறைவு; டேபிளில் உட்கார்ந்தே படித்தாள். கதையில் ஒரு பெண் அந்தச் சப்ளையரிடம், உனக்கு என்ன வேணும் என்று கேட்கிறாள். அவன் தோளில் கிடந்த துண்டை மடித்து வைத்துவிட்டு அவள் எதிரே உட்காருகிறான். நாவல் முடிந்தது.

சுமதி புத்தகத்தை மூடினாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அவரு உக்காந்துட்டாரு. உங்களுக்கு என்ன வேணும்?"

அவள் எதிரே நாற்காலி காலியாக இருந்தது. என் தோளில் துண்டு இருந்தது. கிச்சன் பக்கம் திரும்பிப் பார்சலை எடுத்து வந்தேன்.

"ரெண்டு தோசை, ஒரு வடை. பார்சல் ரெடி" என்றேன். "வேற?"

புத்தகத்தை என் பக்கம் தள்ளி வைத்தாள். "வேற ஒண்ணுமில்ல" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த ஓணம் கழிந்து பார்த்தால் ஜெராக்ஸ் கடையில் வேறு பெண். சுமதி கல்யாணமாகிக் கழக்கூட்டம் பக்கம் போய்விட்டாள் என்று மாஸ்டர் சொன்னார்.

பிறகு பஸ் போர்டுகளைப் பார்த்தே மலையாள எழுத்துகளைப் பழகினேன். அந்தக் கடைசிப் பக்கத்தை இப்போது நானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவன் உட்கார்ந்துவிடுகிறான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. நாம் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வியை என்றாவது ஒருவர் நம்மிடம் திருப்பிக் கேட்பார். அப்போது கிச்சன் பக்கம் திரும்பாதீர்கள். பார்சல் ஆறினால் ஆறட்டும்.