அத்தை தேய்த்த தோசைக்கல்

வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. நாகூரில் ஃபாரின் சாமான் விற்கும் கடை ஒன்றில் என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிவந்த நான்ஸ்டிக் தோசைக்கல் அது. புதுக்குடித்தனத்துக்கு நான்ஸ்டிக் வாங்கலாமா, எவர்சில்வரே போதுமா என்று என் மகள் சென்ற வாரம் போனில் கேட்டபோது, முதலில் அதுதான் கண்முன் வந்தது. எண்ணெயே இல்லாமல் தோசை எழும்பிவரும் என்று கடைக்காரர் சொன்னதை என் கணவர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமைதான். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அது இல்லை.

இதே மகள் அப்போது என் வயிற்றில் இருந்தாள். நான் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். மாமனார் காலமாகியிருந்ததால், குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் மாமியாரை எங்களோடு வைத்துக்கொள்ள அழைத்துவந்தோம். அத்தை வந்ததில் எனக்குப் பெரிய தெம்பு. அவர் பையில் துணிமணியைவிட எவர்சில்வர் பாத்திரம்தான் அதிகம். சோப்புத் தூளை நம்பமாட்டார். அடுப்புச் சாம்பலையும் தேங்காய் நாரையும் ஊரிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாத்திரத்தில் முகம் தெரியும்வரை விடமாட்டார்.

ஒரு நாள் காலை அவர் கை நாரோடு தோசைக்கல்லை நோக்கிப் போவதைக் கணவர் பார்த்துவிட்டார். "அம்மா, அதை நீ தொடாத. அது வேற" என்றார். கீறல் விழுந்தால் மேல்பூச்சு போய்விடும் என்ற கவலை அவருக்கு. அத்தை கையை இழுத்துக்கொண்டார். அதோடு சமையலறைக்குள் வருவதை நிறுத்திவிட்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட கொல்லைப்படியில் உட்கார்ந்தபடி என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டொரு நாளில் ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டிவிட்டார். ஒரு பாத்திரத்துக்கா இவ்வளவு கோபம் என்று கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குழாயடியில் வைத்து அத்தையிடம் கேட்டேன். மெதுவாகச் சொன்னார். "பண்ணை வீட்டு நெல்லவிக்கிற அண்டாவெல்லாம் நாந்தாம்மா தேய்ப்பேன். தேய்ச்சுக் கவுத்துட்டா அப்புறம் நாந்தொடக்கூடாது. தண்ணி தெளிச்சுத்தான் உள்ள எடுத்துப்பாங்க. கூலி கேட்டுக் கொடி புடிச்சு, உங்க மாமா ஜெயிலுக்கெல்லாம் போயி, அதுக்கப்புறந்தான் இந்த எவர்சில்வரு வாங்குனேன். நானே தேய்ப்பேன், நானே எடுத்து வைப்பேன். இப்ப எம் புள்ளையே தொடாதங்கறான்."

கணவர் மனதில் அப்படி எதுவும் இல்லை என்று சத்தியமே செய்திருப்பேன். பூச்சு, கீறல் என்றெல்லாம் விளக்கவும் செய்யலாம், அத்தைக்குப் புரியாததல்ல. ஆனால் விளக்கி முடித்த பிறகும் அவர் தொடக்கூடாத பாத்திரம் ஒன்று வீட்டில் இருந்துகொண்டேதான் இருக்கும். உள்ளே போய்த் தோசைக்கல்லை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டேன்.

"இதையும் தேய்ச்சுக் குடுங்க அத்தை."

"அவன் வைவாம்மா."

"வையட்டும்."

அத்தை சாம்பலை அள்ளினார். கறுப்பெல்லாம் போய் அலுமினியம் வெள்ளை வெளேரென்று தெரியும்வரை தேய்த்தார். கழுவி, முந்தானையால் துடைத்து, தானே உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அன்று சாயங்காலம் அத்தைதான் தோசை வார்த்தார். ஒன்றுகூட முழுசாக வரவில்லை. கணவர் தட்டைப் பார்த்தார், அடுப்பில் இருந்த கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னவோ கேட்க வாயெடுத்தார்.

"பிஞ்சா என்னடா, எப்படியும் பிச்சுத்தான திங்கப்போற" என்றார் அத்தை, அடுப்படியிலிருந்து. "இன்னொண்ணு வைக்கவா?"

கணவர் தட்டை நீட்டினார்.